அம்பு திரும்பும் கம்பம்

அத்தியாயம் 6

மாலை நாலு மணிக்கு க்வென் பிராசரின் வேலை போகவிருந்தது. இப்போது காலை பத்தேகால். அவள் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, ஆறிப்போன பேக்கன் சாண்ட்விச்சை நான்கு துண்டுகளாக வெட்டி, நான்கையும் எட்டாக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடும் உத்தேசம் தெரியவில்லை.

எதிரே இன்ஸ்பெக்டர் ஹெஸ்டர் மல்லின்சன். ஐம்பத்து மூன்று வயது, பதினோரு வருட ஜலதோஷம். கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். பக்கத்தில் நான், கான்ஸ்டபிள் ரூஃபஸ் டோலி. வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, நடுநடுவே ஜோக் அடிப்பது என் வேலை. சம்பளம் முதல் இரண்டுக்குத்தான்.

"மறுபடி சொல்லு க்வென்," என்றார் மல்லின்சன்.

"ஒன்பது நாளா சொல்றேன் மேடம்."

"அவங்ககிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லலையே."

க்வென் கத்தியை வைத்தாள். "அன்னிக்கு என்கூட வண்டியில வர்ற கான்ஸ்டபிளுக்கு ஃப்ளூ. தனியாத்தான் வண்டி எடுத்தேன். வடக்கேருந்து மாவட்ட எல்லை வரைக்கும் வந்து, எல்லைப் பாலத்துல திரும்பி, மறுபடி வடக்கே போனேன். ஒண்ணு இருபதுக்கு நோட்டுல எழுதினேன். 'எல்லையிலிருந்து பத்தாம் சந்திப்பு வரை ஓரம் காலி.' ரெண்டு இருபத்தஞ்சுக்கு அடுத்த ஷிஃப்ட் ஆளுங்க போனா, 84/9 கம்பத்துக்குப் பக்கத்துல பச்சை வேன். உள்ளே அந்த மனுஷர் செத்துப்போய் உட்கார்ந்திருக்கார்."

இறந்தவர் லெனார்ட் அஸ்க்யூ, அறுபத்தொரு வயது, கம்பள வியாபாரி. மாரடைப்பு. உயிர் போனது ஒரு மணி வாக்கில் என்றார் டாக்டர். அப்படியானால் ஒண்ணு இருபதுக்கு வேன் அங்கே நின்றிருக்க வேண்டும். பார்த்தும் பார்க்காமல் போனாள், அல்லது போகாமலே எழுதினாள். இரண்டில் எது என்பதைத்தான் மேல்மாடியில் நாலு மணிக்கு முடிவு செய்யப்போகிறார்கள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான் என்பதால் யாருக்கும் பெரிய அவசரமில்லை.

"வேன் அங்க இருந்துச்சா?" என்றார் மல்லின்சன்.

"இல்ல." பிறகு, அதே தொனியில்: "இல்லன்னுதான் நெனச்சேன். இப்ப தெரியல மேடம். தெனம் அந்த ரோட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறேன். நேத்திலேருந்து அங்க ஒரு பச்சை வேன் நிக்குது."

அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மேஜையிலிருந்து தன் கையுறைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கருப்புத் தோல், உள்ளே சிவப்புத் துணி.

எம்-70 மோட்டார்வே மூன்று மாவட்டங்களுக்குள் ஓடுகிறது. தெற்கே ஹார்டன்ஷயர், வடக்கே வெஸ்ட்மியர், அதற்கும் அப்பால் எங்கள் க்ளேவர்டன். மூன்று வருடத்துக்கு முன் மூன்று போலீசையும் சேர்த்து ஒரே கூட்டுப் படை ஆக்கினார்கள். ஒன்பதாம் சந்திப்பில் கட்டடம், பொது வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர், இரண்டு வேறு மாவட்டத்துக்காரர்கள். அப்போதுதான் யாரும் தன் ஊருக்குச் சலுகை காட்ட முடியாது என்றது கமிட்டி. அதே கமிட்டி எந்த மாவட்டத்தின் கையுறையை வாங்குவது என்று இன்னும் கூடிக்கொண்டிருந்தது. அதனால் ஒரே சாலை, ஒரே வண்டி, மூன்று தினுசுக் கையுறை. வெஸ்ட்மியருக்குச் சிவப்பு உள்துணி, ஹார்டன்ஷயருக்கு வெள்ளை, எங்களுக்குச் சாம்பல்.

"உன் வலது கையுறை எங்க டோலி?" என்றார் மல்லின்சன், வண்டியில் ஏறும்போது.

"தொலைஞ்சு போச்சு மேடம்."

"எங்க?"

"அது தெரிஞ்சா தொலைஞ்சதா ஆகாதே."

பிப்ரவரி குளிரில் என் வலது கை மரத்துப்போய், ஸ்டீயரிங்கில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் இருந்தது.

*

பழுதான வண்டிகளை இழுத்து வரும் க்ளெம் ஹிப்பர்ட்டின் கொட்டகை, எட்டாம் சந்திப்பை ஒட்டி இருந்தது. க்ளெம் எங்களைக் கண்டதும் ரேடியோவை மட்டும் சின்னதாக்கினான். கையிலிருந்த பாதி தின்ற சாண்ட்விச்சைக் கீழே வைக்கவில்லை.

"மறுபடியும் அந்த வேனா? மூணு பேரு வந்து பாத்துட்டாங்க. டிக்கெட் போட்டிருக்கலாம்."

மல்லின்சன் தும்மினார். "நீ எடுக்கப் போனப்ப எப்படி இருந்துச்சு?"

"செத்தவரோட இருந்துச்சு."

"வண்டியைக் கேட்டேன் க்ளெம்."

"வண்டி நல்லபடியா இருந்துச்சு. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் எடுத்தாப்ல. மாட்டினேன், இழுத்தேன், வந்துட்டேன். உங்க ஆளுங்க நிறுத்திட்டுப் போற மாதிரியே நிறுத்தியிருந்தாரு. பாவம், கடைசி நேரத்துலயும் எனக்கு வேலை வைக்கல."

மல்லின்சன் கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினார். மோட்டார்வே போலீசில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இழுவை வண்டிக்காரனுக்கு வசதியாக, ஓரங்கட்டிய வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு வருவோம். வேறு யாரும் செய்ய மாட்டார்கள். கம்பள வியாபாரிகள் நிச்சயமாகச் செய்ய மாட்டார்கள்.

"நெஞ்சு வலிக்குது, ஓரமா நிறுத்தறார்," என்றார் மெதுவாக. "முதல்ல கை எங்க போகும்?"

"நெஞ்சுக்கு," என்றேன்.

"அதுக்கு முன்னாடி?"

"ஹேண்ட்பிரேக்குக்கு."

"ம். வேனுக்குள்ள இருந்த சாமான் பட்டியல் இருக்கா க்ளெம்?"

வெஸ்ட்மியர் கான்ஸ்டபிள் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதிய பட்டியல். கம்பள மாதிரிப் புத்தகம், இரண்டு. ஃப்ளாஸ்க், ஒன்று. மூக்குக் கண்ணாடி, ஒன்று. கையுறைகள், மூன்று.

"மூணா?" என்றார் மல்லின்சன்.

"அவருக்கு எத்தனை கை மேடம்?" என்றேன். "கம்பளம் விக்கிறவங்களுக்கு ஒண்ணு கூடுதலா வேண்டியிருக்குமோ என்னவோ."

க்ளெம் சிரித்தான். மல்லின்சன் சிரிக்கவில்லை. சாமான்கள் இருந்த பையைத் திறக்கச் சொன்னார். பழுப்புக் கம்பளியில் ஒரு ஜோடி இருந்தது. கூடவே தனியாக ஒரு கருப்புத் தோல் கையுறை. அவர் அதன் வாயை விரித்து உள்ளே பார்த்தார். எங்களுக்குக் காட்டவில்லை. தனிக் கவரில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எங்க இருந்துச்சாம்?"

"வேனோட முன் கண்ணாடிக்குக் கீழ, இடது பக்கத்துல," என்றான் க்ளெம். "பக்கத்து சீட்டுக்கு முன்னாடி."

*

84/9 கம்பம் முழங்கால் உயரம். எம்-70 முழுக்க நூறு மீட்டருக்கு ஒன்றாக இப்படிக் கம்பங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண், ஒரு சின்ன அம்பு. வண்டி நின்றுபோனால் அம்பு காட்டும் பக்கம் நடக்க வேண்டும். அவசர போன் எந்தப் பக்கம் அருகிலோ, அந்தப் பக்கத்தைத்தான் அம்பு காட்டும்.

லாரிகள் எங்களைக் கடந்துபோகும்போதெல்லாம் மல்லின்சனின் கோட்டு ஒருமுறை அவரை விட்டுக் கிளம்பிவிட்டுத் திரும்பி வந்தது.

"அம்பு எந்தப் பக்கம்?"

"வடக்கே. 85/4 கம்பத்துல போன். அரை கிலோமீட்டர்."

"தெற்குப் போன்?"

"84/0. இங்கேருந்து தொள்ளாயிரம் மீட்டர்."

"அப்ப நடுவுல எங்கேயோ அம்பு திரும்பணுமே."

"84/7-ல திரும்பும். எல்லையும் அங்கதான். ரெண்டு மாவட்டமும் அவங்கவங்க முதல் போனை எல்லையிலேருந்து சரியா எழுநூறு மீட்டர்ல நட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு அடி கூட விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு."

எல்லையில் ஒரு சின்னப் பாலம் உண்டு. பூட்டிய கேட், சாவி போலீசிடம். மூன்று மாவட்டமும் தனித்தனியாக இருந்த காலத்தில் எல்லோரும் அந்தப் பாலத்தில்தான் வண்டியைத் திருப்பினார்கள். கூட்டுப் படை வந்தபின் நேராகப் போகலாம் என்று உத்தரவு போட்டார்கள். யாரும் போகவில்லை. வண்டிகளுக்குப் பழகிவிட்டது.

"க்வென் பாலத்துல திரும்பினா," என்றார் மல்லின்சன். "அதனால எல்லைக்குத் தெற்கே என்ன நின்னாலும் அவ பாத்திருக்க முடியாது. இந்த எல்லையை வெச்சு நீங்கள்லாம் ஏதோ விளையாட்டு விளையாடுவீங்களாமே?"

"மானைச் சொல்றீங்களா?"

"சொல்லு."

சொன்னேன். போன அக்டோபரில் ஹார்டன்ஷயர் பக்கம் ஒரு மான் அடிபட்டுச் செத்தது. மானுக்கு எட்டுப் பக்கம் எழுத வேண்டும், கவுன்சிலுக்குப் போன் செய்ய வேண்டும், வண்டி வரும்வரை நிற்க வேண்டும். ஹார்டன்ஷயர்காரர்கள் அதை எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். மத்தியானம் வெஸ்ட்மியர்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். வியாழக்கிழமைக்குள் அது ஐந்து முறை மாவட்டம் மாறியிருந்தது. உயிரோடு இருந்தபோது அது ஒரே தோப்பைத்தான் பார்த்திருக்கும்.

"மான் மட்டுந்தானா?"

"டயர், மெத்தை. ஒரு தடவை ஒரு பியானோ."

"மெத்தையைத் தூக்கலாம். பியானோவை என்ன பண்ணீங்க?"

"வண்டியோட முன் பம்பரை வெச்சுத் தள்ளினாங்க. ஒருத்தர் கூடவே நடந்து திருப்பிவிட்டுட்டு வந்தார்."

இதைச் சொல்லி முடித்தபின் நான் சாலையைப் பார்த்தேன். மல்லின்சன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி லாரி போயிற்று, இறகுகள் கொஞ்ச நேரம் பறந்தன.

"அடுத்தது ஹார்டன்ஷயர் கன்ட்ரோல் ரூம்," என்றார். "தெற்குப் போன்கள்லாம் அங்கதான் அடிக்கும். வந்த போனையெல்லாம் எழுதி வைக்கிற புத்தகம் ஒண்ணு இருக்கும். வெஸ்ட்மியர் விசாரணையில அதை யாரும் கேக்கவே இல்ல."

"ஏன் மேடம்?"

"அது பக்கத்து மாவட்டத்துப் புத்தகமாச்சே."

*

கன்ட்ரோல் ரூம் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"நான் வண்டியிலயே இருக்கேன் மேடம். ஹீட்டர் இப்பத்தான் சூடாகுது."

"உள்ள வா. அங்க இன்னும் சூடா இருக்கும்."

டோரீன் காட்லோ என்ற அம்மாள் ஹெட்போனைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பிஸ்கட் டப்பா, டப்பாவுக்கு அடியில் அந்தப் பெரிய புத்தகம். புத்தகத்தை எடுக்க டப்பாவை நகர்த்த வேண்டியிருந்தது. அதற்கே அவர் இரண்டு நிமிடம் யோசித்தார்.

"இது எங்க புத்தகங்க."

"தெரியும் டோரீன். எடுத்துட்டுப் போகல. படிக்கத்தான்."

"பத்தாம் தேதியா? அன்னிக்குக் காத்து பேய் மாதிரி அடிச்சுது. ஊமைப் போனாவே வந்துட்டிருந்துச்சு. எடுத்தா யாரும் பேச மாட்டாங்க. காத்துல போன் பெட்டி கதவு திறந்து மூடினாலே இங்க மணி அடிக்கும்."

விரலை வைத்துத் தேடினார். "இதோ. பன்னெண்டு நாப்பது. போன் 84/0. பேச்சு இல்லை. மூச்சு விடுற மாதிரி சத்தம், காத்தாவும் இருக்கலாம்னு எழுதியிருக்கேன். பக்கத்துல இருந்தது ஏழாம் எண் வண்டி. உடனே சொல்லிட்டேன். பதில் ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு வந்துச்சு. 'போய்ப் பார்த்தோம், யாரும் இல்லை. சார்ஜென்ட் த்வெய்ட்.'"

"சொன்னதுக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு மணி நேரம்."

"சாப்பாட்டு நேரம்ங்க."

மல்லின்சன் என்னைப் பார்க்காமலே பேசினார். "பாரு டோலி. நெஞ்சு வலியோட ஒரு மனுஷன். 84/9-ல வண்டி நின்னிருந்தா, அம்பு வடக்கே காட்டுது, போன் அரை கிலோமீட்டர். அதை விட்டுட்டு எதிர்ப்பக்கம் தொள்ளாயிரம் மீட்டர் நடந்து, தெற்குப் போனை ஏன் எடுக்கணும்?"

நான் பிஸ்கட் டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன்.

"எடுக்க மாட்டார். வண்டி எல்லைக்குத் தெற்கே நின்னிருக்கு. அங்க அம்பு தெற்கே காட்டும். அம்பு சொன்ன பக்கம் ஒழுங்கா நடந்து, போனை எடுத்து, பேச முடியாம வெச்சுட்டு, திரும்பி வந்து வண்டியில உட்கார்ந்து செத்துப் போனார். அதுக்கப்புறம் வேன் எல்லை தாண்டிடுச்சு. செத்தவர் ஓட்டலை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலையிலேருந்து வாய் ஓயல. இங்க வந்ததும் என்ன அமைதி? ஏதாவது ஜோக் சொல்லேன், டோரீன் கேக்கட்டும்."

"தொண்டை சரியில்ல மேடம்," என்றேன்.

நான்கு வார்த்தைகூட இல்லை. டோரீன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஹெட்போனில் கேட்பதுபோல் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, ஏழாம் எண் தம்பி! த்வெய்ட்கூட அன்னிக்கு நீதானே கண்ணு ரேடியோவுல பேசினே? 'சாஸேஜ் இன்னும் உயிரோட இருக்கு, அதை முடிச்சுட்டு ஊமையைப் பாக்கறோம்'னு சொன்னியே. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து மேஜைக்காரி என்னன்னு கேட்டா. முகத்தைப் பாக்கணும்னு இருந்தேன். பிஸ்கட் எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். வலது கையால். இஞ்சி பிஸ்கட். கையில் எதையோ பிடித்திருக்கிறேன் என்பது பார்த்தால்தான் தெரிந்தது.

*

வண்டியில் மல்லின்சன் கவரைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்தார். கையுறையின் வாயோரத்தில் சாம்பல் நிற உள்துணி.

"எப்பத் தெரியும் மேடம்?"

"ட்யூட்டிப் பட்டியலை முதல் நாளே பாத்துட்டேன். ஏழாம் எண் வண்டி. ஹார்டன்ஷயர் த்வெய்ட், க்ளேவர்டன் டோலி. அதனாலதான் உன்னையே டிரைவரா கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு இடத்துலயும் நீ வாயைத் திறப்பியான்னு பாத்தேன். திறந்தே. ஜோக்குதான் வந்துச்சு."

நான் இதுவரை யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சதா ஜோக் அடிப்பவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"சொல்லு," என்றார் மல்லின்சன்.

"சாப்பிட்டு முடிச்சுட்டு ஒண்ணரைக்குப் போனோம். போன் பெட்டிகிட்ட யாரும் இல்ல. கொஞ்சம் தள்ளி 84/5-ல வேன். கழுத்துல நாடி பாக்க வலது கையுறையைக் கழட்டி முன்னாடி வெச்சேன். நாடி இல்ல. த்வெய்ட் வாட்சைப் பாத்தார். அம்பது நிமிஷம்னார். அவருக்கு ஜூன்ல ரிட்டயர்மென்ட். 'இந்த வேனுக்கும் அந்தப் போனுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது தம்பி'ன்னார். நான் பக்கத்து சீட்டுல ஏறி, கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, அவர் மடிக்கு மேல கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சேன். த்வெய்ட் எங்க வண்டி பம்பரை வெச்சு பின்னாடிலேருந்து தள்ளினார். நானூறு மீட்டர். அவர் கையும் ஸ்டீயரிங்லதான் இருந்துச்சு. என் கையைவிட ரொம்பக் குளிர்ச்சியா இல்ல."

ஒரு வண்டியில் இரண்டு மாவட்டம் இருந்தால் தப்பு நடக்காது என்பது கமிட்டியின் கணக்கு. ஹார்டன்ஷயரும் க்ளேவர்டனும் அன்று ஒரு வார்த்தை மனஸ்தாபம் இல்லாமல் சேர்ந்து உழைத்து, எல்லாவற்றையும் வெஸ்ட்மியர் தலையில் கட்டின. மூன்று வருடத்தில் கூட்டுப் படை இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"உடனே போயிருந்தா பொழைச்சிருப்பாரா மேடம்?"

"டாக்டரைக் கேட்டேன். தெரியாதுன்னார்."

மணி மூன்று இருபது. வண்டியைக் கிளப்பினேன். நேராகத்தான் போனோம். பாலத்தில் திரும்பவில்லை.

*

க்வென் பிராசர் மேல்மாடியில் மூடிய கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையுறைகள் மடியில். மணி மூன்று ஐம்பத்திரண்டு. மல்லின்சன் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார். உதவிக்கு வரமாட்டார் என்று அதற்கு அர்த்தம்.

"க்வென்," என்றேன். "ஒண்ணு இருபதுக்கு நீங்க போனப்ப அங்க வேன் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லைக்குத் தெற்கே நின்னுது. ஒண்ணே முக்கால் வாக்குல 84/9-க்குக் கொண்டுபோய் விட்டது நாங்க. த்வெய்ட் தள்ளினார். நான் ஸ்டீயரிங் பிடிச்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் ஏதாவது உறைக்கும் என்றும் நினைத்தேன். அவள் அதே இடத்தில் உட்கார்ந்து, கணக்கைச் சரிபார்ப்பவள்போல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க எதுவும் இல்ல," என்றாள்.

"எதுவும் இல்ல."

"ஓரம் காலி."

"காலி."

"சரி," என்றாள். பிறகு கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். மூன்றாவது விரலில் நிறுத்தினாள். "ஒன்பது நாளா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன் டோலி. கேன்டீன்ல தெனம் என் டேபிளைத் தாண்டித்தானே டீ வாங்கப் போனே?"

அதற்கு என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

கதவு திறந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் மல்லின்சன் உள்ளே போனார். போகிற போக்கில் ஒரு வாக்குமூலப் படிவத்தையும் தன் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"எழுதிக் குடு. அப்புறம் உள்ள வா."

"அந்தக் கையுறை கிடைக்குமா மேடம்? விரல் மடங்க மாட்டேங்குது."

"அது சாட்சிப் பொருள்."

க்வென் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடாக இருந்திருக்க வேண்டும். பேனாவை இடது கையால் எடுத்து வலது கைக்குள் செருகி, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டேன். பெயர், எண், மாவட்டம், தேதி. கையெழுத்து வேறு யாருடையதோபோல் வந்தது. அதற்கடுத்த கட்டத்தில் இடம் என்று அச்சடித்திருந்தது. இந்த ஒன்பது நாளில் மூன்று மாவட்டத்துக் காகிதங்களிலும் அந்தக் கட்டத்தில் ஒரே எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள்.

நான் 84/5 என்று எழுதினேன்.